உயிருடன் இருப்பது ஒன்று

ஏய், உக்காருங்க, உக்காருங்க. ஃபேனுக்கு அடியில எடம் பிடிக்கதெல்லாம் பெறகு பாத்துக்கலாம். பாண்டிச்சித்தி, ஒங்க மருமக கதைய நாளைக்குப் பேசுங்க, அவ எங்கயும் ஓடிர மாட்டா, இப்ப வாயக் கொஞ்சம் சாத்துங்க. இது சண்டக் கத கிடையாது, பேய்க் கதயும் கிடையாது. ஒரு மனுசன் காலையில பதினோரு மணியில இருந்து ஒண்ணரை மணி வரைக்கும் ஒரு மரப் பெஞ்சில உக்காந்திருந்தாரு, அம்புட்டுதான். அந்த ரெண்டரை மணி நேரமும் அவரு மண்டைக்குள்ள என்னென்ன ஓடுச்சோ அதத்தான் சொல்லப் போறேன். அவரு மண்டைக்குள்ள நீ எப்பிடிடா போனன்னு எவனாச்சும் கேட்டீங்க, எந்திரிச்சுப் போய்ட்டே இருப்பேன்.

பாத்திரக்கட கோமதிநாயகம் அண்ணாச்சி. வயசு அறுபத்திநாலு. சுத்தம்னா அப்பிடி ஒரு சுத்தம். பஸ்ல கம்பியக் கர்சீப் வச்சுத்தான் பிடிப்பாரு. வீட்டுக்கு வந்து அந்தக் கர்சீப்ப ரெண்டு வெரலால தூக்கி வாளியில போடுவாரு, பெறகு அந்த ரெண்டு வெரலயும் சோப்புப் போட்டுக் கழுவுவாரு. கல்யாண வீட்டுப் பந்தியில இவரு இலையத் தொடச்சு முடிக்கதுக்குள்ள பக்கத்து இலைக்காரன் ரசத்துக்குப் போயிருப்பான். அப்பேர்ப்பட்ட ஆள நகராட்சி ஆபீஸ் பழைய ரிக்கார்டு ரூம்புல கொண்டு உக்கார வச்சா எப்பிடி இருக்கும்? பூனையத் தண்ணித் தொட்டியில எறக்குன கததான். பெஞ்சில பாதி குண்டிதான் வச்சிருந்தாரு. மீதிப் பாதி காத்துல. மேல உத்தரத்துல வவ்வால், கீழ புழுக்கை, நடுவுல இவரு. பக்கத்துலயே கக்கூஸ், கதவுல கொண்டி கிடையாது, ஒவ்வொரு தடவ காத்தடிக்கயிலயும் கதவு தொறந்து வாங்க வாங்கன்னு கூப்பிடுது. சீ. மூச்ச வாயால விட்டாரு. வாயால விட்டா நாத்தம் நாக்குல வந்து ஒக்காருது. மூக்கால விட்டாரு. மூக்குக்குள்ள அறுபது வருசத்துத் தூசி. மனுசன் மூச்சு விடாம எத்தன நிமிசம் இருக்கலாம்னு ஒரு கணக்குப் போட்டுப் பாத்தாரு.

எதுத்தாப்புல பாக்கியலீலா மேடம். ரிக்கார்டு கிளார்க்கு. நல்ல தாட்டியமான பொம்பள, மூக்கால பேச்சு. இடது கையில மிச்சர் பொட்டணம், வலது கையில ரிஜிஸ்தர். ரிஜிஸ்தர்னா என்ன, தொட்டா அப்பளம். ஒரு பக்கம் திருப்ப வெரல நாக்குல வைக்கா, திருப்புதா. அடுத்த பக்கத்துக்குத் திருப்பியும் நாக்குல வைக்கா. அய்யே. அந்தத் தாளு மேல இருந்தது அம்புட்டும் அந்த நாக்குக்குப் போகுது, அந்த நாக்குல இருந்தது அம்புட்டும் தாளுக்கு வருது. நடுவுல ஒரு ஓமப்பொடி. எங்க அம்மா பேரு மேல எச்சி. எங்க அப்பா பேரு மேல ஓமப்பொடி. "பொறுங்க சார்ர்ர், இது என்ன ரேசன் கடயா, உள்ள போயி எடுத்துட்டு வர? அம்பத்தஞ்சுல இருந்துல்லா பாக்கணும்." பாரு, பாரு தாயி, நல்லாப் பாரு. கண்டுபிடி. செத்துப்போச்சுன்னு ஒரே ஒரு வரி கண்டுபிடிச்சுக் குடு, ஒனக்கு எவர்சில்வர்ல ஒரு குடம் தாரேன்.

செத்துப்போச்சுன்னு ஒரு வரி. அதுக்குத்தான் இந்தப் பாடு. அம்மா செண்பகவல்லி போயி ஒரு மாசம். வீடு அம்மா பேர்ல. வாரிசுச் சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டாரு, ஒத்தப் பிள்ள, ஒரே வாரிசு, வேற யாரும் கிடையாது. கூட வைக்கத் தாளு வேணுமேன்னு அம்மா டிரங்குப் பொட்டியக் கொடஞ்சாரு. இவரு பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டு கெடச்சுது. பழுப்பாப் போயி, ஓரமெல்லாம் பூச்சி தின்னு. கையில எடுக்கவே கூசுச்சு. ஓடிப்போயி லேமினேசன் பண்ணிட்டாரு. பண்ணுன மனுசன் அத ஒரு தடவ படிச்சிருக்கலாம்ல? படிக்கல. அழுக்கு போச்சேங்கிற சந்தோசத்துல மேல வச்சுக் குடுத்துட்டாரு. வி.ஏ.ஓ. சின்னப் பையன், கண்ணாடியத் தூக்கித் தூக்கிப் படிக்கான். "அண்ணாச்சி, நாலாம் பிரசவம்னு போட்டிருக்கே. சரி, முன்னாடி உள்ளது போயிருக்கும், அந்தக் காலம். ஆனா கீழ பாருங்க. உயிருடன் இருக்கும் முந்தைய குழந்தை, ஒண்ணு. பெண், வயசு ரெண்டு. அந்த ஒண்ணு எங்க அண்ணாச்சி?" பளபளன்னு பிளாஸ்டிக்குக்கு உள்ள இருந்து அந்த ஒண்ணு இவரப் பாத்துச்சு. ஒத்தக் கோடு. பென்சில் கோடு மாதிரி. அந்த ஒண்ணு செத்ததுக்குத் தாளு வேணும், இல்லன்னா செத்தது தெரியும்னு தெருவுல வயசான ஆளு ஒண்ணு அதிகாரி முன்னால எழுதிக் குடுக்கணும். ரெண்டும் இல்லன்னா வீட்டுல பாதி அந்தக் கோட்டுக்கு. பாதி வீடு. எந்தப் பாதி? முன்கட்டா, பின்கட்டா? அடுப்படி எந்தப் பக்கம் வரும்? யாரோ ஒருத்தி வந்து நம்ம கிணத்துல கயித்தப் போடுவாளா? நம்ம செம்பத் தூக்கி அண்ணாந்து குடிப்பாளா, இல்ல வாய வச்சுக் குடிப்பாளா? வாய வச்சுத்தான் குடிப்பா. கண்டிப்பா வாய வச்சுத்தான் குடிப்பா. கொமட்டிக்கிட்டு வந்துச்சு அண்ணாச்சிக்கு.

ஏழு கோயில் ஏறி எறங்கிப் பெத்த ஒத்தப் பிள்ளன்னு சொல்லிச் சொல்லித்தான் அம்மா சோறு ஊட்டுனா. அப்ப அந்தச் சோத்துக்கு முன்னாடி ஒரு வாயி இருந்துச்சா? அதுவும் உயிரோட, இவரு பொறந்த அன்னைக்கு, எங்கயோ கெடந்து அழுதுக்கிட்டு? அழுக்கு கண்ணுக்குத் தெரிஞ்சா கழுவலாம். இது எங்க இருக்குன்னே தெரியல, எதப் போயி கழுவ?

வாசப்படிக்குப் பக்கத்துல தரையில மாடத்தி உக்காந்திருந்தா. அவளத்தான் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்திருந்தாரு. வேற ஆளு இல்லயே, தெருவுல கெழடு கட்டைன்னா இப்ப அவ ஒருத்திதான். இவரு வீட்டுல அம்பது வருசத்துக்கு மேலயே பாத்திரம் தேய்க்கா. பின்னாடிச் சந்துல உலகம்மான்னு ஒருத்தி, தொழுவத்துல சாணி அள்ளுனவ, அவ மக. ஆட்டோவுல வாரப்ப மாடத்திய டிரைவருக்குப் பக்கத்துல ஒட்டிக்க வச்சுட்டு, பின்னாடி முழு சீட்டுலயும் இவரு ஒத்தையில வந்தாரு. காத்து அவ பக்கம் இருந்து இவரு பக்கம்தான் அடிச்சுது. புளியும் சாம்பலும், பாத்திரம் தேய்ச்ச ஈர நாரு வாசமும். கையப் பாத்தா தண்ணியில ஊறி வெளுத்து, வெரல் நுனியெல்லாம் சுருங்கி. குதிகாலுல வெடிப்பு, ஒவ்வொரு வெடிப்புலயும் ஒரு கரி. ரெண்டு வார்த்தைக்கு மேல ஒரு நாளைக்குப் பேச மாட்டா. வந்தா "வந்துட்டேன்", போனா "வாரேன்". அவளுக்குன்னு ஒரு டம்ளர், பின்கட்டுச் செவுத்துல ஆணியில தொங்கும். அம்மா தூக்கி ஊத்துவா, டம்ளர் மேல படாம. ஊத்திட்டு அவ குடிச்சு முடிக்க வரைக்கும் அங்கனயே நிப்பா. என்னத்துக்கு நிக்கணும்? ஊத்துனமா வந்தமான்னு இல்லாம. நின்னு அவ தொண்டையையே பாப்பா. சின்ன வயசுல இவரு கேட்டதுண்டு, ஏம்மா அங்க நிக்கன்னு. "காப்பி சூடு, பைய குடிக்கட்டும்ல." அம்புட்டுதான் பதிலு.

ஒரு தடவ, இவருக்கு எட்டு வயசு இருக்கும், வெளையாடிட்டு வந்த தாகத்துல ஆணியில தொங்குன அந்த டம்ளர எடுத்துத் தண்ணி மோந்து குடிச்சுட்டாரு. அம்மா பாத்தா. சிரிச்ச மாதிரி கூட ஒரு ஞாபகம். அப்பா ஆவுடையப்பன் பாத்துட்டாரு. உப்புத் தண்ணி, ஏழு தடவ. "துப்புலே. இன்னும் துப்பு. தொண்டைக்குள்ள இருந்து துப்பு." ஏழாவது தடவ வாந்தியே வந்துட்டு. அன்னைக்குப் பிடிச்ச கழுவல்தான், இன்னைக்கு வரைக்கும் ஓயல. அப்ப மாடத்தி எங்க நின்னா? பின்வாசல்ல நின்னா. கையில தொடப்பம். பத்து வயசு இருக்கும். அவ டம்ளரத்தான் ஏழு தடவ துப்புதான்னு அவளுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? சவம், இந்த நினைப்பு இப்ப எதுக்கு வருது. வவ்வால் நாத்தத்துல மூளையும் பூசணம் பூத்துட்டு போல.

"கெடச்சுட்டு சார்ர்ர்!" மேடம் வாயில மிச்சரோட கத்துனா. பொட்டுக்கடல பறந்து வந்து லேமினேசன் மேல விழுந்துச்சு. "இந்தா பாருங்க. அம்பத்தஞ்சு, ஆவுடையப்பன் செண்பகவல்லி, ஆண். பதினோராம் நாளு எறப்புப் பதிவு, இருக்கு. அம்பத்தாறு, பெண். ஏழாம் மாசம் எறப்பு, அதுவும் இருக்கு. அம்பத்தெட்டு, பெண். பொறப்பு இருக்கு. எறப்பு…" நாக்கு, வெரல், தாளு. நாக்கு, வெரல், தாளு. "எறப்பு இல்ல. அறுபது, அறுபத்தஞ்சு, எழுபது வரைக்கும் பாத்துட்டேன். இல்ல." அண்ணாச்சி லேமினேசன் மேல கெடந்த பொட்டுக்கடலையக் கர்சீப்பால தட்டி விட்டாரு. "விட்டுப் போயிருக்கும் மேடம். பச்சப் பிள்ளைக்கெல்லாம் அந்தக் காலத்துல எவன் பதியுதான்." "எப்பிடி சார் விட்டுப்போவும்? முத ரெண்டுக்கும் ஓடி வந்து பதிஞ்ச மனுசன் மூணாவதுக்கு மட்டும் மறந்துருவாரா?" அப்பிடிச் சொல்லிட்டு மேடம் ரிஜிஸ்தர மூடி வச்சுட்டுச் சிரிச்சா. "ரெண்டு போயிருக்குல்லா, அப்ப மூணாவதத் தவிட்டுக்கு வித்திருப்பாங்க சார். எங்க வீட்டுல எங்க சித்தப்பாவ வித்தாங்களே! பொறந்ததும் பொறந்ததும் போயிட்டே இருந்தா, அடுத்த பிள்ளைய ஒரு படி தவிட்டுக்கு வேற ஒருத்திக்கு வித்துருவாங்க. எமன் வந்து பாத்தா இது இவங்க பிள்ள இல்லன்னு போயிருவானாம். பெறகு ஒரு நல்ல நாளாப் பாத்து அந்தத் தவிட்டத் திருப்பிக் குடுத்துப் பிள்ளைய வாங்கிருவாங்க. சித்தப்பாவ மூணாம் நாளே வாங்கிட்டாங்க. சண்ட வந்தா இப்பவும் எங்க சித்தி சொல்லுவா, அந்தத் தவிட்ட மாட்டுக்கு வச்சிருந்தாலாவது பால் கறந்திருக்கும்னு." தன் பேச்சுக்குத் தானே சிரிச்சு, பொரையேறி, இருமி, மேசையத் தட்டுனா.

அண்ணாச்சி சிரிக்கல. தவிடு. தவிடுன்னதும் மூக்குல ஒரு நாத்தம் வந்துச்சு பாருங்க, அது கக்கூஸ் நாத்தம் இல்ல, வவ்வால் நாத்தம் இல்ல. சிக்குப் பிடிச்ச தவிட்டு நாத்தம். அம்மா செத்த அஞ்சாம் நாளு, டிரங்குப் பொட்டியில, அடியில, மஞ்சத் துணியில ஒரு முடிச்சு. அவுத்தா தவிடு. ஒரு படி இருக்கும். புழு. வெள்ள வெள்ளயா நெளியுது. ஆ ஆன்னு அலறி, மூக்கப் பொத்திக்கிட்டு, ரெண்டு வெரலால தூக்கிட்டு ஓடி பின்கட்டு வாறுகால்ல கொட்டுனாரு. மாடத்தி அங்கன குத்த வச்சுப் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தா. கை நின்னுட்டு. தண்ணியில தவிடு மிதந்து போகதப் பாத்தா. "அது என்னதுன்னு தெரியுமா தம்பி?" கேட்டா. நாளைக்கு ரெண்டு வார்த்த பேசுதவ அன்னைக்கு நாலு வார்த்த பேசிட்டாளேன்னு இவரு நெனச்சாரே தவிர வேற ஒண்ணும் நெனைக்கல. "புழுத்த தவிடு. வேற என்ன கருமம்?" மாடத்தி குனிஞ்சா. அம்மா சாப்பிட்ட வெண்கலத் தட்டு அவ கையில இருந்துச்சு. அதத் தேய்ச்சா, தேய்ச்சா, மத்தியானம் வரைக்கும் அந்த ஒத்தத் தட்டயே தேய்ச்சா. தட்டு தேஞ்சு போயிரும், போதும் விடுன்னு கூட இவரு கத்துனாரு.

மாடு வித்து இருவது வருசமாச்சு, வீட்டுல தவிடு எதுக்குன்னு ஒரு நாளாச்சும் கேட்டாரா? ஆடி பொறந்தா அம்மா புதுத் தவிடு வாங்கி முடிவா. பழசக் கொட்டிருவா. ஒவ்வொரு ஆடிக்கும். ஒரு ஆடி, இவருக்கு ஆறோ ஏழோ, அம்மா அந்த மஞ்ச முடிச்ச மாராப்புக்குள்ள வச்சுக்கிட்டுப் பின்வாசல் வரைக்கும் போனா. இவரு முந்தானையப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே. சந்துல உலகம்மா குடிச தெரியுது, வாசல்ல ஒரு பிள்ள மண்ணுல உக்காந்து சிரட்டையில சோறு பொங்கி வெளையாடுது. அம்மா ஒரு கால வெளிய வச்சா. முன்கட்டுல இருந்து அப்பா இருமுனாரு. இருமிட்டு அங்க இருந்தே சொன்னாரு. "அதத் திருப்பிக் கொண்டாந்தா இவனுக்கு ஆகாதுன்னு ஜோசியன் சொன்னான்லா. ஆம்பளப் பிள்ள இருக்கான், போதும்." அம்மா கால உள்ள எடுத்துட்டா. அதுங்கிறது என்னது? இவன்ங்கிறது யாரு? சீ. இல்ல. அது ஆட்டுக்குட்டியா இருக்கும். உலகம்மாட்ட ஆட்டுக்குட்டி வளத்துக் குடுக்க விட்டிருந்தாங்க, அதாத்தான் இருக்கும். கடைசியில, மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கப்ப, அம்மா இவரு கையப் பிடிச்சா. வாயோரம் எச்சி வழிஞ்சு இவரு கையில பட்டுச்சு. "தவிட்டக் குடு. குடுத்துட்டு வாங்கிட்டு வந்துரு." மூணு தடவ சொன்னா. இவருக்கு அந்த எச்சி மேலதான் கண்ணு. "சரிம்மா சரிம்மா"ன்னுட்டு கைய உருவி, போயி சோப்புப் போட்டுக் கழுவுனாரு. கழுவிட்டு வாரதுக்குள்ள அம்மா போயிட்டா. கால்மாட்டுல மாடத்தி நின்னா. கண்ணுல தண்ணி இல்ல.

மச்சம் இருந்திருக்கும், மூக்கு அம்மா மூக்கா இருந்திருக்கும்னு பாக்கீங்களா? சினிமாவா காட்டுதேன்? ஒரு மச்சமும் கிடையாது. அண்ணாச்சி திரும்பிப் பாத்தாரு, தரையில ஒரு கெழவி உக்காந்திருந்தா, அம்புட்டுதான். கரிப் பிடிச்ச குதிகாலு. எங்க அம்மா சாயல் ஒண்ணும் இல்லயே, தப்பிச்சோம்டான்னு ஒரு மூச்சு விட்டாரு. விட்ட மூச்சு பாதியில நின்னுட்டு. நம்மள ஏன் இவ மட்டும் தம்பிங்கா? கடப் பையன் மொதலாளிங்கான், தெருவே அண்ணாச்சிங்குது. ஒரு நா அப்பா கேட்டாரு, வேலக்காரி என்ன தம்பிங்கான்னு. அன்னைக்கு ஒரே ஒரு நாளு, அம்மா அப்பாவ எதுத்துப் பேசுனா. "அவ அப்பிடித்தான் கூப்பிடுவா." துப்பணும் போல இருந்துச்சு. எத்தன தடவ? ஏழு பத்தாது. தொண்டைக்குள்ள இருந்து துப்பு, இன்னும் உள்ள இருந்து துப்பு, அம்பது வருசம் அவ தேய்ச்ச தட்டுல தின்ன சோறு, அது எங்க இருந்து வரும்? யாரு மேல அருவருப்புன்னே தெரியல. அவ மேலயா, அப்பா மேலயா, பின்வாசல்ல எடுத்த கால உள்ள இழுத்துக்கிட்ட அம்மா மேலயா. சோப்பு வாசம் அடிக்கிற தன் கை மேலயே வந்துச்சு. கையக் கொண்டு போயி வேட்டிக்குள்ள ஒளிச்சுக்கிட்டாரு.

இப்ப ஒண்ணு சொல்லலாம்ல? எந்திரிச்சுப் போயி, மாடத்தி, இங்க வா, இந்தப் பெஞ்சில உக்காருன்னு ஒரு வார்த்த. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்ப பாத்து அந்தப் பாதி வீடு கண்ணு முன்னால நின்னுச்சு. கிணறு. செம்பு. வாய வச்சுக் குடிக்க வாயி. தெருக்காரன் சிரிப்பான். பொண்டாட்டி என்ன சொல்லுவா? மகன் சம்பந்தி வீடு என்ன சொல்லும்? நாக்கு நுனிக்கு வந்தத முழுங்குனாரு. முழுங்குனது பித்தமாக் கசந்துச்சு. முழுங்கிட்டாரு. "மேடம், சாட்சித் தாளு டைப் பண்ணியே கொண்டாந்துட்டேன். ஒங்க முன்னால கைநாட்டு வச்சா போதும்னு வி.ஏ.ஓ. சொன்னாரு. வெரசா முடிச்சிருவோம்."

"அவசரப்படாதீங்க சார்ர்ர். ஆதார் குடுங்க பாட்டி." மாடத்தி முந்தியில முடிஞ்சிருந்த ஆதார் அட்டைய அவுத்துக் குடுத்தா. மேடம் கண்ணாடியப் போட்டுப் பாத்தா. "பொறந்த வருசம் அம்பத்தெட்டு. அட! அந்தப் பிள்ள பொறந்ததும் அம்பத்தெட்டு. இவங்க வாயிலயே அப்ப பால்பல்லு. அது செத்தத இவங்க எப்பிடி சார் பாத்திருப்பாங்க?" அண்ணாச்சிக்கு முதுகுல வேர்வ ஓடுச்சு, எறும்பு மாதிரி. "ஆதார்ல வயசெல்லாம் குத்துமதிப்பு மேடம். கேட்டா ஒரு வருசத்தச் சொல்லுதது. மாடத்தி, ஒனக்கு எழுபத்தஞ்சுக்கு மேல இருக்கும்ல? இருக்கும்னு சொல்லு." மாடத்தி அட்டைய வாங்கித் திருப்பியும் முந்தியில முடிஞ்சா. "சரி, என்னமோ, ஒங்க வீட்டுப் பாடு." மேடம் தாள எடுத்து மூக்கால வாசிச்சா. "மேற்படி ஆவுடையப்பன், செண்பகவல்லி தம்பதியருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தெட்டில் பிறந்த பெண் குழந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டது என்று எனக்கு நேரில் தெரியும். வெளங்குச்சா பாட்டி? செத்துப்போச்சுன்னு நீங்க சொல்லுதீங்க. சரியா?"

மாடத்தி எந்திரிச்சா. முழங்காலப் பிடிச்சு, செவுத்தப் பிடிச்சு, பைய. மேசைக்கிட்ட வந்தா. மேடம் மைப் பொட்டியத் தொறந்து வச்சா. அதுக்குள்ள எத்தன பேரு வெரலோ, மயிரு ஒட்டி, தூசி ஒட்டி. அண்ணாச்சி ஒரு அடி தள்ளி நின்னாரு. தள்ளி நின்னுக்கிட்டே, அவ மூஞ்சியப் பாக்காம, தாளப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "வை மாடத்தி. வெரல வை. கீழ, அந்தக் கட்டத்துக்குள்ள. வச்சுட்டா போயிரலாம்." குரல் இவரு குரலாவே இல்ல. அப்பா இருமல் மாதிரி இருந்துச்சு.

மாடத்தி கைய நீட்டுனா. வெளுத்து, சுருங்கி, அம்பது வருசத்துத் தண்ணி ஊறுன கை. பெருவெரலு மைக்கு மேல ஒரு சாணுல நின்னுச்சு. அப்பிடியே நின்னுக்கிட்டு, இவரப் பாக்காம, மேடத்தப் பாத்துக் கேட்டா.

"எந்தக் கை மேடம் வேணும்? செத்துப்போனவ கைநாட்டு செல்லும்னா, ரெண்டு கையிலயும் வச்சுட்டே போறேன்."